மூன்றாவது ஹெட்ஃபோன்

அந்த வீடியோ இன்னும் யூடியூபில்தான் இருக்கிறது. "ஏனுங்க, அதை அழிச்சுப் போட்டாத்தான் என்னங்க? போறவன் வர்றவனெல்லாம் பாத்துச் சிரிக்கிறானுங்க" என்று இந்துமதி மூன்று முறை சொல்லிவிட்டாள். என் மனைவி மூன்று முறை சொன்ன எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை. இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தரணீதரன். திருப்பூர் நல்லூரில் பன்னிரண்டு நிட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். நூல் உள்ளே போகும், பனியன் துணி உருளையாக வெளியே வரும். என் தொழிலைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் ஹெட்ஃபோன். எங்கள் சொந்தத்தில் சிலர் காளை வளர்க்கிறார்கள், சிலர் சேவல் வளர்க்கிறார்கள், நான் ஹெட்ஃபோன் வாங்குகிறேன். மொத்தம் ஏழு இருக்கின்றன. அவற்றின் விலை இந்துமதிக்குத் தெரியாது. தெரிந்தால் எட்டாவதாக என் தலையில் ஏதாவது ஒன்றை அவளே மாட்டிவிடுவாள், அது ஹெட்ஃபோனாக இருக்காது.

அந்த ஏழு ஹெட்ஃபோன்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பேச ஒரு சேனலும் வைத்திருக்கிறேன். பெயர் 'காதுல வெச்சுப் பாரு'. பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். என் முகத்துக்காகப் பார்க்கவில்லை, நான் சொல்லும் வார்த்தைகளுக்காகப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் வார்ம், பிரைட், டார்க் என்று இங்கிலீஷில் அடுக்கிக்கொண்டிருந்தபோது நான், "இதுல பாடறவரு நம்ம மடியில உக்காந்து பாடறாரு, அதுல வாசப்படியில நின்னு பாடறாரு" என்றேன். "இந்த பேஸ் சத்தம் துவைக்காத துணிங்க. பாக்க கனமா இருக்கும், ஒரு தடவை நனைச்சா சுருங்கிப் போயிரும்" என்றேன். ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் முனீஸ் சொன்னவை. அவன் பெயரை ஒரு வீடியோவிலும் நான் சொன்னதில்லை.

முனீஸ் என் யூனிட்டின் ஃபிட்டர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வந்தவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். நிட்டிங் மெஷினில் வட்டமாக இரண்டாயிரம் ஊசிகளுக்குமேல் ஓடும். அதில் ஒன்றின் முனை ஒடிந்தாலும் துணியில் நெடுக ஒரு கோடு விழும், அந்த ரோல் வீண். பன்னிரண்டு மெஷினும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் நமக்கு வாயசைவுதான் தெரியும். அந்த இரைச்சலுக்கு நடுவில் முனீஸ் தலையைச் சாய்த்து ஒரு நொடி நிற்பான். "அண்ணே, ஏழாம் நம்பரு" என்பான். போய்ப் பார்த்தால் ஏழாம் மெஷினில் ஊசி ஒடிந்திருக்கும், கோடு ஒரு சாண்கூட இறங்கியிருக்காது.

ஊசி ஒடிந்தால் மெஷினைத் தானாக நிறுத்தும் சென்சார் ஒன்று கடையில் கிடைக்கிறது. பக்கத்து யூனிட்காரர்கள் எல்லாரும் மாட்டிவிட்டார்கள். நான் மாட்டவில்லை. "எனக்கெதுக்குங்க சென்சார்? முனீஸ் காது இருக்குது" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அவனையே கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு பீற்றுவேன். அவனும் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பான்.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையிலிருந்து மாலை வரை கரண்டை நிறுத்தும். ஷட்டவுன் என்போம். திருப்பூரில் அன்றைக்கு மட்டும்தான் பகலில் காக்கை கத்துவது கேட்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாளில் நான் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஹெட்ஃபோன்களை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. இரண்டாவதின் விலை முதலாவதைப் போல மூன்று பங்கு, அதனால் அது நன்றாக இருக்கத்தான் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். முனீஸ் ஆயில் கேன் எடுக்க உள்ளே வந்தான். விளையாட்டாக அவன் தலையில் மாட்டிவிட்டேன்.

நான் போட்டது ஒரு பழைய பஜனைப் பதிவு. ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா, பத்துப் பேர் குரல். முனீஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அடுத்ததை மாட்டினேன். அதையும் கேட்டான்.

"அண்ணே, முதல்ல போட்டதுல எல்லாரும் ஒரே பாயில நெருக்கி உக்காந்துருக்காக. இதுல ஆளுக்கு ஒரு பாய் போட்டுக் குடுத்துருக்கு. மிருதங்கக்காரர் அங்கிட்டு, வலது பக்கம், கொஞ்சம் பின்னால" என்றான். பிறகு, "பின்னால ஒரு பொம்பளை இருமுது அண்ணே. சரியா?" என்றான்.

அந்தப் பதிவை நான் இருபது வருடமாகக் கேட்கிறேன். அந்த இருமலைக் கேட்டதே இல்லை. அவன் சொன்ன பிறகு மூன்று முறை போட்டுக் கேட்டேன். இருந்தது.

அன்றிலிருந்து ஷட்டவுன் நாளென்றால் முனீஸும் நானும் ஆபீஸ் ரூமும்தான். நான் டீயும் பருப்பு வடையும் வாங்கி வைப்பேன். அவன் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்காருவான். நான் மாட்டிவிடுவேன், அவன் சொல்வான், நான் நோட்டில் எழுதுவேன். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்துவிட்டு, "சரியாண்ணே?" என்று என் முகத்தைப் பார்ப்பான். ஓனர், வேலைக்காரன் என்பதெல்லாம் அந்தச் சில மணி நேரத்துக்கு இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்கிறவன் ஓனராக இருந்தால் அப்படித்தான் தோன்றும்.

இப்போது அந்த மஞ்சள் அடைப்பானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் துணியில் உடுப்பு தைத்து வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஆள் அனுப்பி யூனிட்டைச் சோதிப்பார்கள். ஆடிட் என்றால் தீயணைக்கும் சிலிண்டரில் தூசு துடைப்போம், முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரப்புவோம், எல்லாருக்கும் காதில் செருகிக்கொள்ள மஞ்சள் ஸ்பாஞ்ச் அடைப்பான் கொடுப்போம். ஆடிட்காரர்களின் கார் அவிநாசி ரோட்டைத் தொடுவதற்குள் அடைப்பான்களைத் திரும்ப வாங்கிப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, அடுத்த வருடத்துக்கு வைத்துவிடுவோம். நான் மட்டும் செய்ததில்லை, ஊரே செய்கிறது என்று சொல்லலாம். சொல்லி என்ன பிரயோஜனம்?

ஐந்து வருடத்துக்கு முன்னால் நடந்த ஆடிட்டில் ஒரு அம்மா வந்தார். முனீஸிடம் தனியாக ஏதோ பேசிவிட்டுப் போனார். அன்றைக்கு அவன் அடைப்பானைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அந்தம்மா சொன்னாகண்ணே, காது போனா திரும்ப வராதாம். நான் வச்சுக்கிடுறேன்" என்றான்.

பதினோரு நாள் போட்டிருந்தான். பன்னிரண்டாம் நாள் மூன்றாம் மெஷினில் ஊசி ஒடிந்து, ஒரு முழு ரோல் கோடு விழுந்து இறங்கிய பிறகுதான் கவனித்தோம். எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. கூடத்தில் எல்லார் முன்னாலும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கத்தினேன்.

"காதை அடைச்சுட்டு உக்காந்தா ஊசி எங்கிருந்துப்பா கேக்கும்? உன்ற காதுக்குத்தானே சம்பளம் குடுக்கறேன்!"

முனீஸ் இரண்டு அடைப்பான்களையும் எடுத்து, சட்டையில் துடைத்து, ஆபீஸ் ரூமுக்குப் போய் அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டு வந்தான். அடுத்த ஷட்டவுனுக்கு வழக்கம் போல வந்து உட்கார்ந்தான். நானும் வழக்கம் போல வடை வாங்கி வைத்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

இந்த வருடம் சித்திரை ஷட்டவுனில்தான் அந்த வீடியோவுக்காக உட்கார்ந்தோம். மூன்று ஹெட்ஃபோன், அதே பஜனை. மூன்றாவது புதிது. ஒரு வருடமாக ஆசைப்பட்டு, கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் மூலம் வரவழைத்தது. பின்பக்கம் மூடி இல்லாமல் சல்லடை போலத் திறந்திருக்கும் வகை. அதில் ஓடுவது வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும். உலகத்தில் அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொல்லியிருந்தார்கள்: துல்லியம் பிரமாதம், ஆனால் மேல் ஸ்தாயி குத்தும். நான் அவற்றைப் படிப்பதில்லை. முனீஸ் இருக்கும்போது எனக்கெதற்கு அடுத்தவன் காது?

முதலாவது ஹெட்ஃபோனுக்கு, "இது இதமா இருக்குண்ணே. ஆனா ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரி" என்றான். இரண்டாவதுக்கு, "இதுல குரல் நல்லா வருது, மிருதங்கத்துக்குத்தான் வயிறு இல்ல" என்றான். மூன்றாவதை மாட்டியதும் முகம் மலர்ந்து தலையை ஆட்டினான்.

"இதாண்ணே! ஜால்ரா எம்புட்டு அடக்கமா ஒதுங்கி உக்காந்துருக்கு. நாள் முச்சூடும் கேட்டாலும் காது நோகாது. சரியாண்ணே?"

நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஜால்ரா சத்தம் வரும்போதெல்லாம் காதுக்குள் எதுவோ சுருக்கென்றது. எனக்கு அது கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் முனீஸ் இல்லை என்கிறானே, அப்படியென்றால் கோளாறு என் காதில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வீடியோவில், "மேல் ஸ்தாயி சும்மா பட்டுங்க" என்று விரலை மடக்கிக் காட்டினேன்.

ஒரே நாளில் கமென்ட்டில் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். "அண்ணன் ஹெட்ஃபோனைக் காதில் போட்டாரா கழுத்தில் போட்டாரா" என்று ஒருவன். "பட்டு இல்லண்ணா, ஊசி" என்று ஒருவன். யுவன் என்று ஒருவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவராம், மரியாதையாக எழுதியிருந்தார். "சார், உங்கள் வார்த்தைகளுக்கு நான் ரசிகன். இரண்டு வருடமாக உங்கள் தீர்ப்புகள் சரியாக இல்லை. இந்த ஹெட்ஃபோன் குத்துவது தெரியவில்லை என்றால் தயவுசெய்து காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கேலி இல்லை, அக்கறையில் சொல்கிறேன்."

கேலி செய்தவர்களைவிட இந்த மனிதர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. இவரை வீடியோ போட்டே மூக்குடைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். முனீஸை ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்கு வரச் சொன்னேன். லேப்டாப்பில் சுருதி சுருதியாக ஒலி எழுப்பும் சோதனை ஒன்று இருக்கிறது. கீழிருந்து மேலே போகும். ஒவ்வொன்றும் காதில் விழுந்ததும் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது ஹெட்ஃபோனை அவனுக்கு மாட்டினேன். எதிரில் கேமராவை வைத்தேன்.

கீழ்ச் சுருதிகளுக்கெல்லாம் சட்டென்று கையைத் தூக்கினான். நடுவிலும் தூக்கினான். அதற்குமேல் போகப் போகக் கை தாமதமாக எழுந்தது. நாலாயிரம் ஹெர்ட்ஸில் வைத்தேன். நீளமாக ஒரு விசில் சத்தம், அவ்வளவுதான் அது. முனீஸ் கை மடியில் இருந்தது. வால்யூமை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே அவன் காதிலிருந்து கசிந்த சத்தம் கீச்சென்று கேட்டது. வாசல் பக்கம் நூல் கோன் அடுக்கிக்கொண்டிருந்த பீகார்க்காரர், "க்யா ஹை சேட்?" என்று, என்ன சத்தம் என்பது போல எட்டிப் பார்த்தார்.

முனீஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான். "போடுங்கண்ணே. நான் ரெடியாத்தான் இருக்கேன்."

நான் லேப்டாப்பை மூடினேன். கேமராவை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி, வழக்கம் போலப் பூ மாதிரி மேசையில் வைத்தான்.

"எத்தனை நாளா முனீஸு?"

"ரெண்டு வருசம் இருக்கும்ணே."

"ஊசி?"

"அது கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றான். "கையால பாக்கேன். துணிய உள்ளங்கையால தடவிக்கிட்டே ஒவ்வொரு மெஷினா சுத்தி வருவேன். கோடு விழுந்தா கையில தட்டும். காதை விட அது நல்லாத்தாண்ணே இருக்கு, ரோலு ஒண்ணும் வீணாகலையே."

போன வருடம் அவன் மெஷின்களைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, "என்னப்பா, கோயில் பிரகாரமா? வேலையப் பாரு" என்று நக்கல் செய்தது ஞாபகம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"அப்ப ஹெட்ஃபோனு?" என்றேன். "ரெண்டு வருசமா சொன்னியே. அடக்கமா உக்காந்துருக்கு, ஆளுக்கொரு பாயின்னு. அதெல்லாம்?"

முனீஸ் தலையைக் குனிந்துகொண்டான். "கீழ்ச் சத்தம், குரலு எல்லாம் பாதிக்குப் பாதி கேக்கும்ணே. மேல கேக்காததுக்கு உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன். உங்களுக்குப் பிடிச்சதக் கையில எடுக்கையிலயே உங்க மூஞ்சி மலர்ந்துரும். மூணாவத பொட்டியில இருந்து எடுக்கையில சின்னப்புள்ள மாதிரி இருந்தீக. அதான் நல்லாருக்குன்னேன்."

நான் இரண்டு வருடமாக அவன் காதை நம்பி என் காதைச் சந்தேகப்பட்டேன். அவன் இரண்டு வருடமாக என் முகத்தைப் படித்தான். பதினோராயிரம் பேர் எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வர வேண்டிய விஷயம்தான். எனக்கு வரவில்லை.

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"காதுக்குத்தானேண்ணே சம்பளம்" என்றான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். ஐந்து வருடத்துக்கு முன் நான் கத்தியதை, என் கூலிக் கணக்கின் விதி என்றே எடுத்துக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சோதித்துப் பார்த்த பெண் சின்ன வயது. காகிதத்தில் கோடு ஒன்று நேராக வந்து ஒரு இடத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. நரம்பு செத்துப்போயிற்று, மருந்தோ ஆபரேஷனோ இல்லை, காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம், போனது வராது என்றார். பிறகு முனீஸிடம் சத்தமாகக் கேட்டார், "இத்தனை வருஷமா காதுக்கு எதுவுமே போடலையா? கம்பெனியில குடுக்கலையா?"

முனீஸ் என்னைப் பார்க்கவில்லை. "குடுத்தாக மேடம். நான்தான் போடல" என்றான்.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. அந்தப் பெண் எழுதி முடிக்கும்வரை இருந்தது, கையெழுத்துப் போடும்வரை இருந்தது, காகிதத்தை மடித்துக் கவரில் போடும்வரை இருந்தது. நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், அவனைப் பார்த்துக் கத்தியதைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன். திரும்பி வரும்போது பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு வரை வந்தது. பைக்கில் சொன்னால் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரமே பன்னிரண்டு மெஷினுக்கும் சென்சார் மாட்ட ஆள் வந்தார். ராஜ்கமல் என்று ஒரு மெக்கானிக். காலையில் பத்தரைக்கு ஆரம்பித்தார், சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டார். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டேன். பத்தொன்பது வருடத்தில் எந்த ஒரு நாள் காலையிலும் முடிந்திருக்கக்கூடிய வேலை. கூடத்தில் எல்லாருக்கும் காதை மூடும் நல்ல கவசம் வாங்கிக் கொடுத்து, போடாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். முனீஸைச் சத்தமில்லாத நூல் குடோனுக்கு மாற்றினேன், அதே சம்பளம். அவன் இரண்டு நாள் பொறுத்துவிட்டு வந்து, "என்னைய ஒதுக்கிட்டீகளாண்ணே?" என்று கேட்டான். இல்லை என்று நான் சொன்னதை அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

காது மெஷின் அவனுக்கு ஒத்துவரவில்லை. வாரக்கணக்காகப் பழகிப் பார்த்தான். நேரில் பேசினால் பரவாயில்லை, போனை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் ஊளையிடுகிறது என்றான். அவன் மகள் பிரியங்கா மதுரையில் நர்ஸிங் படிக்கிறாள். முன்பெல்லாம் அவள் போன் வந்தால் மெஷின் கூடத்தைவிட்டு வாசலுக்கு ஓடுவான். கொஞ்ச காலமாக போனை என் கையில் கொடுத்து, "என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே, இங்க இரைச்சலா இருக்கு" என்பான். நானும் கேட்டுச் சொல்வேன். வெளியே இரைச்சல் இல்லாத நாளிலும் அப்படித்தான் கொடுத்தான் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

போன மாத ஷட்டவுன் அன்று அவனை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டேன். மூன்று மாதமாக அங்கே நாங்கள் உட்காரவில்லை. மேசைமேல் அந்த மூன்று ஹெட்ஃபோன்களையும் வைத்திருந்தேன். முனீஸ் அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"வேண்டாம்ணே. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"வீடியோவுக்கு இல்லப்பா. உட்காரு" என்றேன். அவன் போனை வாங்கினேன். பிரியங்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல் செய்தி ஒன்றை, அவன் இன்னும் யாரிடமும் கொடுத்துக் கேட்காத ஒன்றை, ஆம்பில் இணைத்தேன். "எதுல பாப்பா பேசறது உனக்குப் புரியுதோ, அதைச் சொல்லு. அதை நீ ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அவன் உட்கார்ந்தான். முதலாவதை மாட்டிவிட்டேன். பிறகு நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அங்கே போன வருடத்து நூல் கம்பெனி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு என் முகம் தெரியக் கூடாது.

"இதுல பேசுறது தெரியுது, என்ன பேசுதுன்னு தெரியல" என்றான் பின்னாலிருந்து. கையைப் பின்னால் நீட்டி இரண்டாவதைக் கொடுத்தேன். நேரம் போயிற்று. "இதுல ஒண்ணு ரெண்டு வார்த்தை வருதுண்ணே. காலேஜுங்குது" என்றான். மூன்றாவதைக் கொடுத்தேன். ஊரெல்லாம் குத்தும் என்று சொன்ன ஹெட்ஃபோன். அதிலிருந்து கசிந்து, பிரியங்காவின் குரல் மெலிதாக எனக்கும் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. செய்தி முடிந்தது. முனீஸே மறுபடி போட்டுக் கேட்டான்.

"பாப்பாவுக்குச் சளி பிடிச்சிருக்குண்ணே" என்றான். "தொண்டை கட்டிப்போய்க் கெடக்கு. பேசுறப்போ நடுவுல மூக்க உறிஞ்சுது. ஆஸ்டல்ல ராத்திரி ஃபேன நிறுத்த மாட்டேங்காகளாம்."

என் முகத்தைப் பார்த்து அதையெல்லாம் யாரும் சொல்லியிருக்க முடியாது. இருபது வருடம் நான் கேட்காத இருமலைக் கேட்டவன் அவன். அந்தக் காதில் மிச்சம் இருந்ததை இந்தக் குத்தும் ஹெட்ஃபோன் தேடிப் பிடித்துத் தொட்டிருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் ஊசி, அவனுக்கு அது சரியாக இருக்கிறது. வீடியோவில் நான் சொன்ன தீர்ப்பு அவன் ஒருவனுக்குப் பொருந்தும். அதனால்தான் அந்த வீடியோவை அழிக்கவில்லை. அந்தக் காதைக் கெடாமல் காப்பாற்ற பிஸ்கட் டப்பாவில் கிடந்த இரண்டு அடைப்பான்களே போதுமாக இருந்தன என்ற நினைப்பு வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மூணாவதுதாண்ணே" என்றான் முனீஸ். "சரியாண்ணே?"

"சரிதான் முனீஸு" என்றேன். சுவரைப் பார்த்துச் சொன்னதால் அவனுக்குக் கேட்கவில்லை.

"சரியாண்ணே?" என்று மறுபடி கேட்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. முனீஸ் என் முகத்தைப் பார்த்தான். அவசர அவசரமாக ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"இல்லண்ணே, ரெண்டாவதும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.